செவிலி மனையிற் பயில வந்தவள்

கூலி பெற்றுக்கொண்டு பிறர் மகவைத் தன் இல்லத்தில் வைத்து வளர்க்குந் தொழில் நேற்றுத் தோன்றியதன்று. யாத்திராகமத்தின் இரண்டாம் அதிகாரத்தை ஊன்றி நோக்குவார்க்கு இஃது எளிதிற் புலனாகும். நாணற்பெட்டியிற் கிடந்த குழவியைக் கண்டெடுத்த பார்வோன் குமாரத்தி, அதனை எபிரெயப் பெண்ணொருத்தியிடம் ஒப்புவித்து, வளர்ப்பதற்குக் கூலியும் பேசினாள். அவளே பெற்ற தாய் என்பதை அறிந்தாளில்லை. இவ்வரலாற்றைக் கேட்குந்தோறும் எம் கருத்துத் தாயின்மீதும் சேயின்மீதுமே சென்றதன்றி, சற்றுத் தொலைவில் நின்று பெட்டியைக் கண்காணித்த தமக்கையின்மீது சென்றதில்லை. தொடாமலும் அகலாமலும் நின்று பார்த்திருத்தல் என்பது குழந்தை காக்குந் தொழிலின் முதற்பாடம் என்பதைச் சென்ற கோடை விடுமுறையிலேதான் யாம் உணர்ந்தோம். உணர்ந்தவாற்றைச் சிறிது கூறுவோம்.

நம் பண்டை இலக்கியத்திற் செவிலி என்பாள் வெறும் பணிமகளல்லள். தலைவியை வளர்த்தவளும், அவள் உடன்போயவிடத்துச் சுரத்திடைத் தேடிச் சென்றவளும் அவளே. தோழியாவாள் அச்செவிலியின் மகளென்று தொல்காப்பியர் வரையறுத்தார். ஆகவே, செவிலியின் மனையே ஒரு பயிற்சிக்களமாய் இருந்ததென்று கொள்வது பொருந்தும். தாய் காக்க மகள் கண்டு பழகினாள். பிற்காலத்தார் செவிலித்தாயரை ஐவராக வகுத்து, ஆட்டுவாள், ஊட்டுவாள், ஓலுறுத்துவாள், நொடிபயிற்றுவாள், கைத்தாய் எனப் பெயரிட்டனர். நீராட்டுதல், உணவூட்டுதல், தாலாட்டி உறங்குவித்தல், பேச்சுப் பழக்குதல், இடுப்பிற் சுமந்து திரிதல் என்னும் இவ்வைந்தும் தனித்தனித் திறம் வேண்டுவன என்று அவர்கள் கண்டிருந்தனர் போலும். செல்வர் மனையில் ஐவர் பகுத்துச் செய்ததை இக்காலத்தில் ஒருத்தியே காலை எட்டு மணி தொடங்கி மாலை ஆறு மணிகாறும் செய்கின்றாள்.

அத்தகையாள் ஒருத்தி எம் சிற்றன்னையார். வேலைக்குச் செல்லும் தாய்மாருடைய குழந்தைகள் அறுவரை அவர் தம் வீட்டின் முன்கூடத்தில் வைத்துப் பேணி வருகின்றார். கை போதாமையாற் சென்ற ஆண்டில் எம் வயதினளாகிய பெண்ணொருத்தியைத் தொழில் பயிலுமாறு சேர்த்துக்கொண்டார். சேர்த்த முதல் வாரத்தில் அவளுக்குக் கிடைத்த பயிற்சி யாதெனின், பாத்திரந் துலக்குதலும், துணி அலசுதலும், கூடம் பெருக்குதலுமே. இது சிற்றன்னையார்மேல் எமக்குள்ள குறை, அவரிடமே சொல்லியுமிருக்கின்றோம். பயில வந்தவளை வேலைக்காரியாக்கிக் கொள்வது எளிது. ஆனால், குழந்தைகள் அவள் முகத்தைப் பாராமல் முதுகை மட்டுமே பார்த்துப் பழகுவர். எட்டுத் திங்கள் நிரம்பிய மகவு புதுமுகங் கண்டு வெருவுவது இயல்பு. பல நாள் அருகமர்ந்து விளையாடி, அஃது தானாகக் கை நீட்டும் வரையிற் பொறுத்திருந்தாலன்றி, அதற்குச் சோறூட்டவோ உறங்க வைக்கவோ ஒருத்திக்கு இயலாது.

இரண்டாம் மாதத்தில் ஒரு நண்பகல். சிற்றன்னையார் மருந்து வாங்கக் கடைத்தெருவுக்குச் சென்றார். பத்து நிமிடத்திற் றிரும்பிவிடலாம் என்பது அவர் எண்ணம். பயில்வாள் ஒரு குழந்தைக்கு இரசஞ்சோறு பிசைந்து கொண்டிருந்தாள். பதினான்கு திங்கட் குழந்தை ஒன்று தவழ்ந்தும் தளர்நடையிட்டும் குளியலறை புகுந்து, பாதியளவு நீர் நின்ற வாளியின் விளிம்பைப் பற்றி எட்டிப் பார்த்தது. அவ்வயதில் உடலை நோக்கத் தலையே கனமாதலின், கவிழ்ந்த குழந்தை தானே நிமிர்தல் அரிது. வாளியின் அடியிற் சிறிதளவு நீர் இருப்பினும் மூச்சடைக்கப் போதுமானது. அன்றியும், நீரில் மூழ்குங் குழந்தை பெரும்பாலும் அலறுவதில்லை. கூடத்தில் ஓசை குறைந்ததென்று ஐயுற்று எழுந்தோடிய அப்பெண், முகம் நீரிற் படிந்த அக்கணத்தே வாரியெடுத்தாள். குழந்தை இருமிற்று, அழுதது, பிழைத்தது.

கண்டார் வேறெவருமிலர். தலையைத் துவட்டி, மாற்றுடை உடுத்தியிருப்பின் செய்தி அவளோடு ஒழிந்திருக்கும். அவளோ, சிற்றன்னையார் படியேறும்போதே நடந்ததை நடந்தவாறு கூறிவிட்டாள். அவர் அவளைச் சினந்ததும் உண்மை. சினந்த பின்னர், தாமே அவளைத் தனியே விட்டதை எண்ணித் தலையிற் கைவைத்து அமர்ந்ததும் உண்மை. குழந்தையை உடனே மருத்துவரிடங் காட்டிவிட்டு, மாலையில் அதன் தாயிடம் ஒன்றும் மறையாமல் உரைத்தார்.

அறத்தொடு நிற்றல் என்னுந் துறையை வகுப்பில் யாம் பயின்றபோது அதனைக் காதற்செய்தி மட்டிலே அடக்கி வைத்திருந்தோம். தோழி செவிலிக்கு உரைப்பாள். செவிலி நற்றாய்க்கு உரைப்பாள். இந்நிரலில் இடையே ஒருத்தி வாய் மூடுவாளாயின் அறம் அங்கேயே நின்றுவிடும். அன்று மாலை எம் கண்முன் நிகழ்ந்தது அதுவே. பயில்வாள் அஞ்சி மறைக்கும் மனையிற் செவிலிக்கு ஒன்றும் தெரியாது. செவிலி மறைக்கும் மனையில் நற்றாய்க்கு ஒன்றும் தெரியாது. அன்று அவள் மறையாமைக்குக் காரணம் அவள் இயல்போ, சிற்றன்னையார் அவளை நடத்திய முறையோ என்று யாம் பலமுறை வினவிக்கொண்டோம். தட்டு உடைத்த நாளில் அவர் கடிந்து கூறாதது எம் நினைவிற்கு வருகின்றது.

இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் இத்தொழில் பதிவுக்குட்பட்டது. அங்கே வீட்டில் வைத்துக் காப்பவர் ஒருவர் எட்டு வயதுக்குட்பட்ட சிறுவர் அறுவருக்கு மேல் ஏற்றல் பொதுவாகக் கூடாது. அவருள் ஓராண்டு நிரம்பாதது ஒன்றே இருக்கலாம். பதினாறு வயது நிரம்பிய தொழில் பயில்வாரைக் காவலர் எண்ணிக்கையிற் சேர்க்கலாமெனினும், அவர் தகுதியும் பொறுப்பும் உடையவரென்று காப்பவர் தெளிந்திருத்தல் வேண்டும். துணையாளிடம் மிகச் சிறு பொழுது விட்டுச் செல்வதாயினும் பெற்றோர் இசைவு வேண்டும். அவ்வாறு தனித்திருப்பவர் குழந்தைகட்குரிய முதலுதவியிற் பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி பெற்று, அதனை மூன்றாண்டுக்கொருமுறை புதுப்பித்தலும் வேண்டும். இவற்றைப் படித்துக் காட்டியபோது சிற்றன்னையார், "பத்து நிமிடத்துக்குமா?" என்று வினவிப் பின் பேசாதிருந்தார்.

அதன்பின் அவ்வீட்டிற் சில மாறின. பாத்திரந் துலக்க வேறோர் அம்மாள் வருகின்றார். அப்பெண் பதினைந்து நாள் வேறு வேலை எதுவுமின்றிக் குழந்தைகளோடு பாயில் அமர்ந்திருந்தாள்; எக்குழந்தை உறங்குமுன் காதைத் திருகும், எது வேர்க்கடலையைக் கண்டால் வாயிற் போடும் என்பனவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதினாள். விலகிவிடுகின்றேன் என்று அவள் இருமுறை கூறினாள், சிற்றன்னையார் இசையவில்லை.

செய்தி கேட்ட மற்றொரு தாய் தம் மகனை நிறுத்திக்கொண்டார், அவர் திரும்பவேயில்லை. அத்திங்களிற் சிற்றன்னையாருக்கு வருவாய் குறைந்தது. வாளியில் எட்டிப் பார்த்த குழந்தையின் தாய் ஒன்பதாம் நாள் வந்தார். கூடத்தில் அமராமல் நேரே குளியலறைக்குச் சென்று, சுவரோரமாகக் கவிழ்த்து வைத்த வாளியையும், கதவின் உயரத்தே புதிதாய்த் தைத்த தாழ்ப்பாளையும் தொட்டுப் பார்த்தார். பிறகு, அன்று குழந்தையைத் தூக்கியவள் யாரென்று வினவினார்.