வானிலையும் கடல்நிலையும் சுழியோடல் பயணத் திட்டமும்

புவியியல் – இலங்கையின் காலநிலையும் மனித நடவடிக்கைகளும்

அறிமுகம்

இலங்கையின் நான்கு மழைப்பருவங்களையும் அவற்றுக்குரிய மாதங்களையும் மாணவர்கள் பெரும்பாலும் சரியாக எழுதுவர். ஆனால் இப்பருவங்கள் மனித நடவடிக்கைகளில் செலுத்தும் செல்வாக்கைக் கேட்டால் நெற்செய்கையுடன் விடையை நிறுத்திவிடுவர். சுற்றுலாத்துறையிலும் இச்செல்வாக்கைத் தெளிவாகக் காணலாம். அதற்குச் சிறந்த உதாரணம் சுழியோடல் ஆகும். சுவாசக் கருவியுடன் கடலுக்குள் இறங்கி, முருகைக் கற்பாறைகளையும் மூழ்கிய கப்பல்களையும் பார்வையிடுவதே சுழியோடல் எனப்படும்.

சுழியோடல் பயணமொன்றைத் திட்டமிடுபவர் இரு வினாக்களுக்கு விடை காண வேண்டும்.

1. எந்த மாதத்தில் எந்தக் கரைக்குச் செல்வது? இதற்கு விடை தருவது காலநிலை.
2. இன்று கடலில் இறங்கலாமா? இதற்கு விடை தருவது வானிலை.

முதலாவது வினாவுக்குச் சரியான விடை கிடைத்துவிட்டது என்பதற்காக இரண்டாவது வினாவைக் கேளாமல் விடுவது உயிராபத்தை விளைவிக்கலாம்.

1. காலநிலையும் கரையின் தெரிவும்

- தென்மேல் பருவக்காற்று (மே – செப்டெம்பர்): மேற்கு, தென்மேற்குக் கரைகள் காற்று மோதும் பக்கமாகும். ஹிக்கடுவ, உணவட்டுன, கற்பிட்டி ஆகிய இடங்களில் கடல் கொந்தளிக்கும். கிழக்குக் கரை காற்றொதுக்குப் பக்கமாதலால் நிலாவெளி, புறாத்தீவு, மட்டக்களப்புப் பகுதிகள் சுழியோடலுக்கு ஏற்றவை.
- வடகீழ் பருவக்காற்று (டிசெம்பர் – பெப்ரவரி): நிலைமை தலைகீழாக மாறும். கிழக்குக் கடல் கொந்தளிக்க, மேற்கு, தென்மேற்குக் கரைகள் அமைதியடையும்.
- முதலாம் இடைப்பருவக்காற்று (மார்ச் – ஏப்ரல்): காற்றின் வேகம் பொதுவாகக் குறைவு.
- இரண்டாம் இடைப்பருவக்காற்று (ஒக்டோபர் – நவெம்பர்): பிற்பகல் இடிமின்னல் மழையும் வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்களும் எதிர்பார்க்கப்படும். 1978 நவெம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி இப்பருவத்திலேயே ஏற்பட்டது.

தென்கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள கிரேட் பாசஸ் கற்பாறைத்தொடர் இரு பருவக்காற்றுகளுக்கும் திறந்துள்ளது. எனவே அங்கு சுழியோடுவதற்கு ஆண்டில் மிகக் குறுகிய காலமே கிடைக்கும். மைக் வில்சன் என்பவர் இங்கு மூழ்கிக் கிடந்த பழைய கப்பலொன்றின் வெள்ளி நாணயங்களைக் கண்டெடுத்ததும் 1961 மார்ச் மாதத்தில், அதாவது முதலாம் இடைப்பருவக்காற்றுக் காலத்திலேயாகும்.

2. வானிலையும் அன்றைய தீர்மானமும்

(அ) காற்று: காற்று மணிக்கு 20 – 28 கி.மீ. வேகத்தை அடையும்போது திறந்த கடலில் அலைமுகடுகள் பரவலாக வெண்ணுரை தள்ளும். அலைகளுக்கிடையே நீர்மட்டத்துக்கு வந்த சுழியோடியின் தலையைப் படகோட்டி கண்டுகொள்வது அப்போது கடினம். எதிர்வுகூறல்களில் வேகம் நொட்டில் தரப்பட்டால் 1 நொட் = மணிக்கு 1.85 கி.மீ. எனக் கொள்க.

காற்றின் திசையும் முக்கியமானது. தென்மேல் பருவக்காற்று கிழக்குக் கரையில் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கிழக்கு மாகாண மக்கள் இவ்வறண்ட காற்றைக் கச்சான் என்பர். இது கரையோரத்தில் பெரிய அலைகளை எழுப்பாததால் கரையில் நிற்பவருக்குக் கடல் குளம்போலத் தோன்றும். ஆயினும் நீர்மட்டத்துக்கு வந்த சுழியோடியையும் இயந்திரம் பழுதடைந்த படகையும் அது ஆழ்கடலை நோக்கித் தள்ளும். ஆகவே அமைதியாகத் தோன்றும் கடல் எல்லா வேளைகளிலும் பாதுகாப்பான கடல் அன்று.

(ஆ) அலை: உள்ளூரில் காற்று இல்லாத நாளிலும் தொலைவிலுள்ள புயல்களால் தோன்றிய நெடிய அலைகள் தென் கரையை வந்தடையலாம். இவை ஆழம் குறைந்த கற்பாறைகளின்மேல் உடைந்து, சுழியோடியைப் பாறையில் மோதச் செய்யும்.

(இ) நீரோட்டமும் வற்றுப்பெருக்கும்: இலங்கையில் வற்றுப்பெருக்கு வீச்சு ஒரு மீற்றருக்கும் குறைவானது. எனவே இங்கு நீரோட்டமே கூடுதலான கவனத்துக்குரியது. நீரோட்டத்தை எதிர்த்து நீந்துபவர் களைப்படைவதுடன் தொட்டியிலுள்ள காற்றையும் விரைவாகச் செலவிடுவார்.

(ஈ) நீரின் தெளிவு: பலத்த மழையின் பின்னர் ஆறுகள் சேற்றைக் கடலில் சேர்க்கும். களனி கங்கை, கிங் கங்கை ஆகியவற்றின் முகத்துவாரங்களை அண்டிய கடலிலும் மகாவலி கங்கை கலக்கும் கொட்டியார்க்குடாவிலும் இதனை அவதானிக்கலாம். கலங்கிய நீரில் சுழியோடிகள் தமது துணையை இழந்துவிடக்கூடும்.

3. ஆபத்து அதிகமாக இருப்பது ஏன்?

கடலில் ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் அமுக்கம் ஏறத்தாழ ஒரு வளிமண்டலத்தால் அதிகரிக்கும். 30 மீற்றர் ஆழத்தில் மொத்த அமுக்கம் 4 வளிமண்டலமாகும். அங்கு சுவாசிக்கும்போது நைதரசன் வாயு கூடுதலாக உடலில் கரைகிறது. அது மெதுவாக வெளியேறுவதற்காகச் சுழியோடி ஆறுதலாக மேலெழுந்து, சுமார் 5 மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடங்களேனும் தரித்து நிற்பது வழக்கம். பேரலைகள் உள்ளபோது அவ்வாழத்தில் நிலையாக நிற்க முடியாது. அவசரமாக மேலெழுந்தால் குருதியிலும் இழையங்களிலும் வாயுக் குமிழிகள் தோன்றி, பாரிசவாதமோ மரணமோ ஏற்படலாம். பேருந்துப் பயணி மழை வந்தால் ஒதுங்கி நிற்கலாம். ஆழத்திலிருக்கும் சுழியோடிக்கு அந்த வசதி இல்லை. ஆதலால் தீர்மானம் கரையிலேயே எடுக்கப்பட வேண்டும்.

4. மாதிரி வினாவும் விடையும்

வினா: யூலை மாதத்தில் குழுவொன்று ஹிக்கடுவயில் சுழியோட விரும்புகிறது. அக்குழு 6ஆம் நாள் மு.ப. 8.00 மணிக்கு விமானம் ஏற வேண்டும். நீர் கூறும் ஆலோசனைகள் மூன்றினைக் காரணத்துடன் தருக.

விடை:

1. ஹிக்கடுவவுக்குப் பதிலாக நிலாவெளியைத் தெரிவு செய்தல். காரணம், யூலையில் மேற்குக் கரை தென்மேல் பருவக்காற்றுக்கு நேராக உள்ளமை.
2. ஒவ்வொரு நாளும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பிரதேச எதிர்வுகூறலையும் உள்ளூர் மீனவரின் கருத்தையும் அறிந்து காலையிலேயே புறப்படுதல். காரணம், பகலில் தரை வெப்பமடைய, காற்று வலுவடையக்கூடியமை.
3. முதல் நான்கு நாட்களில் சுழியோடி, 5ஆம் நாளை ஒதுக்கு நாளாக வைத்தல். பல தடவைகள் சுழியோடியவர் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். ஆகவே ஒதுக்கு நாளைப் பயன்படுத்தினாலும் பி.ப. 2.00 மணிக்கு முன்னர் கடலிலிருந்து ஏறிவிட வேண்டும். அதுவும் இயலாவிடின் அச்சுழியோடலைக் கைவிடுவதே சரியானது.

குறிப்பு: மூன்றாவது ஆலோசனையைப் பலர் எழுதத் தவறுவர். ஒதுக்கு நாள் இல்லாத திட்டத்தில், பணம் செலுத்திவிட்டோம் என்ற எண்ணமே பயணிகளைக் கொந்தளிக்கும் கடலில் இறங்கத் தூண்டுகிறது.

5. பயிற்சி வினாக்கள்

1. காலநிலை, வானிலை ஆகியவற்றுக்கிடையிலான வேறுபாட்டைச் சுழியோடல் பயணத்தின் மூலம் விளக்குக.
2. கச்சான் காற்று வீசும்போது கிழக்குக் கரையோரக் கடல் அமைதியாகத் தோன்றுவது ஏன்? அதிலுள்ள ஆபத்து யாது?
3. 20 மீற்றர் ஆழத்தில் மொத்த அமுக்கம் எத்தனை வளிமண்டலம்?
4. ஜனவரி மாதத்தில் புறாத்தீவு சுழியோடலுக்குப் பொருத்தமற்றது என்பதற்கு இரு காரணங்கள் தருக.

நினைவிற் கொள்க: பருவம் கரையைத் தெரிவு செய்கிறது, அன்றைய கடலே பயணத்தைத் தீர்மானிக்கிறது.