திரையில் ஐந்து, ரேக்கில் பூஜ்யம்

பணம் கட்டிய ஆர்டரை 'ஸ்டாக் இல்லை' என்று ரத்து செய்வது பேக்கிங் மேஜையில் நடப்பதாகத்தான் தெரியும். லேபிள் அச்சாகியிருக்கும், ரேக்கைத் துழாவிய பையன் உதட்டைப் பிதுக்குவான், யாரோ கணினியில் பொத்தானை அழுத்துவார். ஆனால் எண்ணிப் பார்க்காமல் லிஸ்டிங்கில் 5 என்று ஒருவர் தட்டிய அன்றைக்கே அந்த ஆர்டர் ரத்தாகிவிட்டது. ஆன்லைன் விற்பனை நிறுவனத்தில் ஆர்டர் வேலைக்குச் சேர்ந்திருப்பவரும், வீட்டு அறையிலிருந்தே விற்கத் தொடங்கியிருப்பவரும் முதலில் கற்க வேண்டியது அந்த எண்ணைக் காப்பாற்றுவதைத்தான்.

ஏனென்றால் வேறு யாரும் அதைச் சரிபார்ப்பதில்லை. நம் நாட்டு அந்நிய முதலீட்டு விதிகளின்படி, வெளிநாட்டு முதலீடு உள்ள சந்தைத் தளம் சரக்குக்குத் தானே உரிமையாளராக இருந்து நேரடியாக விற்க முடியாது. சரக்கு விற்பனையாளருடையது. அதைத் தளத்தின் கிடங்குக்கு முன்கூட்டியே அனுப்பிவைத்திருந்தால் அங்கே எண்ணிக்கொள்வார்கள். உங்கள் குடோனிலிருந்தே அனுப்புகிறீர்கள் என்றால், நீங்கள் தட்டிய எண்ணைத் தளம் அப்படியே வாங்குபவரிடம் காட்டும். 'இன்னும் 2 மட்டுமே' என்று திரை சொல்வதும், அதை நம்பி ஒருவர் அவசரமாகப் பணம் கட்டுவதும் உங்கள் வாக்கை நம்பித்தான்.

வாங்கியவர் பக்கம் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு அம்மாவுக்கு ஒரு புடவை தேர்ந்தெடுத்து, பணமும் கட்டிவிட்டார். பண்டிகைக்கு மூன்று நாள் இருக்கும்போது ரத்துச் செய்தி வருகிறது. பணம் திரும்ப சில நாளாகும். அதே புடவை வேறிடத்தில் விலை ஏறியிருக்கும், அல்லது பண்டிகை முடிந்தபின்தான் வந்து சேரும். கட்டிய தொகை முழுதாகத் திரும்பினாலும் அவர் இழந்த ஒரு வாரத்துக்கு ரீஃபண்ட் கிடையாது.

உங்கள் கணக்குக்கும் அடி பலம். அனுப்புவதற்கு முன் விற்பனையாளர் ரத்து செய்யும் ஆர்டர்கள் 7 நாள் கணக்கில் 2.5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது அமேசான். வாரம் 400 ஆர்டர் வரும் நிறுவனத்துக்கு இது 9 ரத்து வரை தாங்கும். வாரம் 40 ஆர்டர் வரும் சின்ன விற்பனையாளருக்கு ஒன்றே ஒன்று ரத்தானாலும் சரியாக 2.5 ஆகிவிடும். சிறியவருக்குத்தான் இந்தக் கயிறு இறுக்கம். சில தளங்களில் அபராதமும் உண்டு. வரம்பு மீறிக்கொண்டே போனால் கணக்கையே நிறுத்திவைப்பார்கள்.

எண் எங்கே பொய்யாகிறது

திருப்பூர் பனியன் சரக்கை எடுத்துக்கொள்வோம். ஒரே ரவுண்ட் நெக் டி-ஷர்ட், 6 நிறம், 5 சைஸ் என்றால் திரையில் அது 30 தனித்தனி எஸ்.கே.யூ., அதாவது தனித்தனியாக எண்ண வேண்டிய 30 சரக்கு வரிகள். பேக்கிங்கில் ஒருவர் 'எல்' சைஸுக்குப் பதில் 'எக்ஸ்.எல்.' போட்டு அனுப்பிவிட்டார் என்று வையுங்கள். வாடிக்கையாளரின் புகாரைத் தீர்த்ததோடு விட்டுவிடுகிறோம். ரேக்கில் இப்போது கணக்கைவிட ஒரு 'எல்' கூடுதல், ஒரு 'எக்ஸ்.எல்.' குறைவு. அடுத்த வாரம் வரும் கடைசி 'எக்ஸ்.எல்.' ஆர்டர் ரத்தாகும்போது காரணம் யாருக்கும் புரியாது. சைஸ் மாறிப்போன புகார் வந்தால் இரண்டு வரிகளைத் திருத்த வேண்டும். இதைச் செய்கிற நிறுவனங்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

துணி வியாபாரத்தில் இதைவிடப் பெரிய ஓட்டை ரிட்டர்ன். டெலிவரியின்போது பணம் தரும் ஆர்டர்கள் நிறைய திரும்பி வரும். கூரியர்காரர் மூட்டையை இறக்கியதுமே சிலர் எல்லாவற்றையும் ஸ்டாக்கில் ஏற்றிவிடுகிறார்கள். பிரித்துப் பார்த்தால் ஒன்றில் கறை, ஒன்றில் டேக் இல்லை, ஒன்றில் வேறு யாருடைய துணியோ இருக்கும். பிரித்து, பார்த்து, மடித்து, ரேக்கில் வைத்த பிறகே ரிட்டர்ன் பீஸ் எண்ணாக மாற வேண்டும். அதுவரை அதற்கென்று தனிக் கூடை, தனி மூலை. அந்தக் கூடைக்குப் பக்கத்தில் எந்நேரமும் கணினி வேண்டாம், ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

அடுத்தது, ஒரே பீஸைப் பல இடத்தில் காட்டுவது. அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ, வாட்ஸ்அப் குழு, முன்னால் இருக்கும் கடை என எல்லாமே ஒரே ரேக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும். எண்களை இணைக்கும் மென்பொருள் இருந்தாலும் கடையில் பில் போடாமல் எடுத்துக் கொடுத்த பீஸ் அதற்குத் தெரியாது. என் யோசனை, கையிருப்பு மூன்றுக்குக் கீழே வந்ததும் அந்தச் சரக்கை ஒரே தளத்தில் மட்டும் வைத்துவிட்டு மற்ற இடங்களில் பூஜ்யமாக்கிவிடுவது. வேகமாக ஓடும் சரக்கில் 10 இருந்தால் 8 என்று காட்டுங்கள். அந்த இரண்டும் நாளைக்கு விற்கும். அதனால் நஷ்டம் வராது.

அடுத்தவர் கடைச் சரக்கைத் தன்னுடையதாகக் காட்டி விற்பது இந்தத் தொழிலில் சாதாரணமாகிவிட்டது. ஆர்டர் விழுந்த பிறகு திருப்பூர் காதர்பேட்டைக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்து லிஸ்ட் செய்வது, ஈரோடு கனி மார்க்கெட்டில் போன வாரம் பார்த்த டிசைனை போட்டோ எடுத்துப் போட்டுவிடுவது. ஈரோட்டு வாரச்சந்தை திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் நடக்கும். புதன்கிழமை விழும் ஆர்டருக்கு அடுத்த செவ்வாய் வரை என்ன செய்வீர்கள்? அப்படித்தான் விற்கப்போகிறீர்கள் என்றால் கடைக்காரரிடம் பேசி, குறிப்பிட்ட பீஸ்களை உங்களுக்கென்று ஒதுக்கச் சொல்லி, அத்தனையை மட்டும் காட்டுங்கள். அனுப்ப உண்மையில் எத்தனை நாளாகுமோ அதையே லிஸ்டிங்கில் கூட்டிப் போடுங்கள். மூன்று நாள் என்று பார்த்து வாங்குபவர் மூன்று நாள் காத்திருப்பார். ஒரு நாள் என்று நம்பியவர் காத்திருக்க மாட்டார்.

குடோன் முழுவதையும் ஆண்டுக்கொரு முறை எண்ணுவதால் இதில் பயனில்லை. தினமும் காலையில், முதல் பிக்-அப் வண்டி வருவதற்கு முன், வேகமாக ஓடும் இருபது எஸ்.கே.யூ.வைக் கையால் எண்ணித் திரையோடு ஒப்பிடுங்கள். அரை மணி நேர வேலை. எண்ணை மாற்றும் அதிகாரம் ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும். ஐந்து பேர் கை வைத்தால் பிழை எங்கே புகுந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

இல்லை என்று தெரிந்த பிறகு

முதல் வேலை தேடுவது. ரிட்டர்ன் கூடை, பக்கத்து ரேக், சப்ளையர், அதே சரக்கு விற்கும் இன்னொரு கடை. வெளியே வாங்கி அனுப்பினால் 60 ரூபாய் நஷ்டம் என்றாலும் வாங்கி அனுப்புவதே பெரும்பாலும் லாபம்.

கிடைக்கவில்லை என்றால் அன்றைக்கே ரத்து செய்துவிடுங்கள். கடைசி நாள் வரை இழுத்தடித்து, தளமே தானாக ரத்து செய்யட்டும் என்று விடுவதைவிட மோசமான வழி இல்லை. பச்சைக்குப் பதில் நீலத்தைக் கேட்காமல் அனுப்புவது, அனுப்பாமலேயே அனுப்பியதாகக் குறிப்பது இரண்டுமே ஏமாற்று. தளத்தின் செய்திப் பெட்டி வழியாகவே எழுதுங்கள். நேரடியாகப் பணம் அனுப்புங்கள் என்று வாங்கியவரை வெளியே இழுக்க வேண்டாம். இப்படி எழுதலாம்:

"வணக்கம். நீங்கள் பணம் கட்டி வாங்கிய பச்சைப் பருத்திப் புடவையை எங்களால் அனுப்ப முடியவில்லை. கடைசியாக இருந்த புடவையில் கறை இருப்பதை பேக்கிங்கின்போதுதான் பார்த்தோம். ஆர்டரை இன்றே ரத்து செய்கிறோம். முழுத் தொகையும் நீங்கள் கட்டிய வழியிலேயே திரும்பும். தவறு எங்களுடையது, மன்னிக்கவும்."

பணம் நாளைக்கே வந்துவிடும் என்று எழுதாதீர்கள். அதைத் தளமும் வங்கியும்தான் முடிவு செய்கின்றன.

அடுத்து வருவதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கும் இளைஞர்களுக்கு உண்மையிலேயே கடினமான இடம். ரத்துக்குக் காரணம் கேட்டு ஒரு பட்டியல் திறக்கும். வாங்கியவரே கேட்டு ரத்தானது விற்பனையாளரின் ரத்துக் கணக்கில் சேராது என்பதால் முதலாளி சொல்வார்: "கஸ்டமர் கேட்டாங்கன்னு போட்டு விட்ரு கண்ணு." சிலர் வாங்கியவருக்கே போன் செய்து, நீங்களே கேன்சல் பண்ணிடுங்க என்று கெஞ்சுவார்கள். ஒருவரின் பணத்தை வாங்கிவிட்டு, பழியையும் அவர் மேலேயே போடுவது இது. செய்யாதீர்கள். முதலாளியிடம் முறைக்கவும் தேவையில்லை:

"இல்லீங்ண்ணா, நான் கேக்கவே இல்லைன்னு அவங்க கம்ப்ளெயின்ட் போட்டா அக்கவுன்ட்டுக்கே சிக்கலுங்க. ஸ்டாக் இல்லைன்னே போட்டுடறேன். இனிமே இந்த டிசைனுக்கு ரெண்டு பீஸ் குறைச்சே காட்டிக்கலாங்ண்ணா."

மறுப்போடு ஒரு தீர்வையும் சேர்த்துச் சொன்னால் பெரும்பாலான முதலாளிகள் கேட்டுக்கொள்வார்கள். 1,999 என்பதற்கு 199 என்று விலை தட்டிவிட்டு, குவிந்த ஆர்டர்களை 'ஸ்டாக் இல்லை' என்று தள்ளிவிடுவதும் இதே வகைதான். லிஸ்டிங்கை உடனே நிறுத்துங்கள், தளத்தின் உதவி மையத்திடம் சொல்லுங்கள், காரணப் பட்டியலில் விலைப் பிழை இருந்தால் அதையே எடுங்கள்.

சட்டமும் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் தளங்களுக்கு மட்டுமல்ல, அவற்றில் விற்பவர்களுக்கும் பொருந்தும். விற்பனையாளர் ஒரு குறைதீர் அலுவலரை வைத்திருக்க வேண்டும், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். போதிய சரக்கு இல்லாமல் குறைந்த விலையைக் காட்டி இழுக்கும் விளம்பரங்களுக்கு 2022-இல் வந்த வழிகாட்டு நெறிகள் கடிவாளம் போடுகின்றன. இருப்பு குறைவு என்றால் அதைச் சொல்லித்தான் விளம்பரம் செய்ய வேண்டும். வாங்கியவர் கையில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது.

வேலையில் உயர நினைப்பவர்கள் ஒரு ரத்து நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, எஸ்.கே.யூ., எண் எங்கே தவறியது, என்ன மாற்றினோம் என்று ஆர்டருக்கு ஒரு வரி. ஆறு மாதத்தில் உங்கள் குடோனின் நோய் அதில் தெரிந்துவிடும். அடுத்த வேலைக்கான நேர்முகத்தில், எக்செல் தெரியும் என்பதைவிட, ரிட்டர்ன் கூடையைப் பிரித்த பிறகு ரத்து இவ்வளவு குறைந்தது என்று சொல்பவரைத்தான் எடுப்பார்கள்.

பண்டிகை விடுமுறைக்கு ஆட்கள் ஊருக்குப் போவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கும். தளத்தில் விடுமுறை அமைப்பை இயக்கி லிஸ்டிங்கை நிறுத்துங்கள். திரும்பி வந்ததும் முதலில் ரேக்கை எண்ணுங்கள், அப்புறம் கடையைத் திறங்கள்.