வார்டில் வழங்கும் சொற்கள்: உடனிருப்போருக்கு ஒரு பாடம்

மருத்துவமனைக்கெனத் தனியே ஒரு மொழி உண்டு. செவிலியப் பயிற்சிக்கு வரும் மாணவ மாணவியர் முதலாண்டிலேயே அதனைக் கற்கத் தொடங்கிவிடுகின்றனர். நோயாளரின் கட்டிலருகே இரவு பகலாக அமர்ந்திருக்கும் உறவினருக்கோ அதனைக் கற்பிப்பார் இல்லை. ஆயினும் அம்மொழியில் சொல்லப்படும் செய்திகளுள் பல, உடனிருப்போர் செய்ய வேண்டியவற்றையும் செய்யக் கூடாதவற்றையும் பற்றியவையே. ஆகவே, செவிலியராகிய நாங்கள் மாணவர்க்கு முதலில் கற்பிக்கும் சொற்களுள் சிலவற்றை இவ்விதழில் உங்களுக்கும் விளக்குகிறோம். ஒவ்வொரு சொல்லின் பொருளோடு, அதனைக் கேட்டவுடன் நீங்கள் செய்ய வேண்டியது யாது என்பதையும் சேர்த்தே கூறுகிறோம்.

வைட்டல்ஸ்

‘வைட்டல்ஸ் பார்த்தாயிற்றா?’ என்று செவிலியர் ஒருவரையொருவர் வினவுவதைக் கேட்டிருப்பீர்கள். உயிர்க்குறிகள் என்பதே இதன் பொருள். உடல் வெப்பம், நாடித்துடிப்பு, மூச்சின் எண்ணிக்கை, இரத்த அழுத்தம், இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனின் அளவு ஆகிய ஐந்தையும் இச்சொல்லால் குறிக்கிறோம். ஓய்வாக இருக்கும் வளர்ந்த ஒருவருக்கு நாடி நிமிடத்திற்கு 60 முதல் 100 வரையும், மூச்சு 12 முதல் 20 வரையும் இருத்தல் இயல்பு. இரத்த அழுத்தத்தை 120/80 என்பது போல இரண்டு எண்களால் எழுதுவர். முதல் எண் இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம். அடுத்தது இதயம் தளரும்போது உள்ளது.

விரலில் மாட்டும் கருவி காட்டும் ‘சாச்சுரேஷன்’ பொதுவாக 95 விழுக்காடோ அதற்கு மேலோ இருக்கும். நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளோருக்கு மருத்துவர் வேறோர் அளவைக் குறித்திருக்கக்கூடும். விரல் குளிர்ந்திருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் அக்கருவி பிழையாகக் காட்டலாம். எனவே எண்ணை மட்டும் நோக்கியிராமல் நோயாளரையும் நோக்குங்கள். மூச்சு வாங்குதல், பேச்சில் தடுமாற்றம், உடல் வியர்த்துச் சில்லிடுதல், எழுப்பினாலும் விழிக்காத உறக்கம் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டால், எண் எதுவாயினும் உடனே எங்களை அழையுங்கள்.

என்.பி.ஓ.

கட்டிலில் இவ்வெழுத்துகள் தாங்கிய அட்டை தொங்கினால், வாய்வழியாக எதுவும் தரலாகாது என்று பொருள். இது இலத்தீன் தொடர் ஒன்றின் சுருக்கம். பேச்சு வழக்கில் ‘வெறும் வயிறு’ என்போம். அறுவை சிகிச்சைக்கும் சில பரிசோதனைகளுக்கும் முன்னர் இக்கட்டளை இடப்படும்.

மயக்க மருந்தின் பிடியில் இருப்பவருக்கு இருமும் திறனும் விழுங்கும் திறனும் அடங்கிவிடுகின்றன. அவ்வேளை வயிற்றில் உணவு இருந்தால், அது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் புகக்கூடும். அதனால் நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்படும். உயிருக்கே ஆபத்து நேரலாம். 1946ஆம் ஆண்டில் கர்ட்டிஸ் மெண்டல்சன் என்னும் அமெரிக்க மருத்துவர், பேறுகாலத்தில் மயக்க மருந்து பெற்ற தாய்மாரிடம் இதனைக் கண்டு விரிவாக எழுதினார். வெறும் வயிற்றைப் பற்றிய கண்டிப்பு அதன்பின் மேலும் வலுப்பெற்றது.

பொதுவாக இலேசான உணவுக்குப் பின் 6 மணி நேரமும், தெளிந்த நீருக்குப் பின் 2 மணி நேரமும் இடைவெளி வேண்டும். பால் சேர்ந்த காப்பியும் தேநீரும் தெளிந்த நீராகா. அவற்றை உணவாகவே கொள்ள வேண்டும். சரியான நேரத்தை மயக்கவியல் மருத்துவரே முடிவு செய்வார். வழக்கமாக உட்கொள்ளும் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளைத் தரலாமா என்பதையும் முன்கூட்டியே கேட்டறியுங்கள். பசியால் வாடிய முகம் கண்டு மனம் பொறாமல் ஒரு வாய் கொடுத்துவிட்டீர்களாயின், தயவுசெய்து அதனை மறைக்க வேண்டா. அறுவை சிகிச்சையைச் சற்றுத் தள்ளி வைத்தால் போதும். மறைத்தால் நேரும் தீங்கை எளிதில் சரிசெய்ய இயலாது.

ஐ.ஓ. சார்ட்

உடலுக்குள் செல்லும் நீரையும் வெளியேறும் நீரையும் எழுதிவைக்கும் கணக்கேடு இது. இதய நோய், சிறுநீரக நோய் உள்ளோருக்கும் அறுவை சிகிச்சை முடிந்தோருக்கும் இக்கணக்கைக் கொண்டே மருந்தின் அளவும் ‘ட்ரிப்ஸ்’ அளவும் முடிவாகின்றன. வளர்ந்தவர்க்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு அரை மில்லிலிட்டரேனும் சிறுநீர் வெளியேற வேண்டும் என்பது எங்கள் கணக்கு. 60 கிலோ எடையுள்ளவர்க்கு அது மணிக்கு 30 மில்லிலிட்டர். இதற்குக் குறைந்தால் மருத்துவருக்குத் தெரிவிப்போம்.

இக்கணக்கு சரியாக அமைவது பெரும்பாலும் உங்கள் கையில் உள்ளது. குடித்த நீர், கஞ்சி, பழச்சாறு அனைத்தையும் அளவோடு சொல்லுங்கள். சிறுநீரையும் வாந்தியையும் அளந்து எழுதும் முன் கொட்டிவிடாதீர்கள். ட்ரிப்ஸ் மெதுவாக இறங்குகிறதே என்று அதன் சக்கரத்தை நீங்களே திருப்பவும் வேண்டா. மருந்து ஏற்றக் கையில் பொருத்தியுள்ள ‘வென்ஃப்ளான்’ உள்ள இடம் வீங்கினாலோ சிவந்தாலோ வலித்தாலோ எங்களிடம் கூறுங்கள்.

மருந்துச் சீட்டின் எழுத்துகள்

சீட்டில் காணும் சுருக்கங்கள் பல இலத்தீனிலிருந்து வந்தவை. ஓ.டி. என்றால் நாளுக்கு ஒரு முறை; பி.டி. என்றால் இரு முறை, டி.டி.எஸ். என்றால் மும்முறை. எச்.எஸ். என்பது உறங்கச் செல்லும் நேரம். ஸ்டாட் என்பது ‘உடனே’. 1-0-1 என்று எழுதியிருந்தால் காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவில் ஒன்று எனக் கொள்க.

இவற்றுள் இரண்டு சுருக்கங்கள் மயக்கம் தருவன. எஸ்.ஓ.எஸ். என்பதை அவசர அழைப்பாகக் கருதுவோர் உளர். சீட்டில் அதற்குத் ‘தேவைப்பட்டால் மட்டும்’ என்று பொருள். வலியோ காய்ச்சலோ இல்லாதபோது அம்மாத்திரையை உட்கொள்ள வேண்டியதில்லை. தேவைப்படும்போதும் எத்தனை மணி நேர இடைவெளி, ஒரு நாளில் எத்தனை வரை என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓ.டி. என்பது கண் மருத்துவக் குறிப்பில் வலக்கண்ணையும் குறிக்கும். எழுத்தைப் பார்த்து ஊகிப்பதினும் கேட்டறிவதே பாதுகாப்பு.

பாசிட்டிவ், நெகட்டிவ், ஸ்டேபிள்

பரிசோதனை அறிக்கையில் ‘பாசிட்டிவ்’ என்றிருந்தால் நற்செய்தி என்று மகிழ்வோரும், ‘நெகட்டிவ்’ என்றிருந்தால் கலங்குவோரும் உண்டு. தேடிய கிருமியோ பொருளோ காணப்பட்டது என்பதே முதற்சொல்லின் பொருள். காணப்படவில்லை என்பதே அடுத்ததன் பொருள். காசநோய்க்கான சளிப் பரிசோதனை ‘நெகட்டிவ்’ என்றால் அச்சளியில் கிருமி தென்படவில்லை என்று கொள்ள வேண்டும். அதனால் மட்டும் நோயே இல்லை என்று உறுதியாகிவிடாது. முடிவை மருத்துவர் கூறுவார்.

‘ஸ்டேபிள்’ என்னும் சொல்லுக்கு நோய் நீங்கிவிட்டது என்று பொருளில்லை. உயிர்க்குறிகள் இப்போதைக்குப் பெரிதும் ஏறி இறங்காமல் நிலையாக உள்ளன என்றே பொருள். அச்சொல்லைக் கேட்டதும் வெளியூரிலிருந்து வரவிருந்த பிள்ளைகளைத் தடுத்துவிடுவோர் உளர். வரச்சொல்வதா, பொறுத்திருப்பதா என்று மருத்துவரிடமே நேராகக் கேளுங்கள். தயங்க வேண்டிய கேள்வி அன்று அது.

திருப்பிச் சொல்லுங்கள்

இச்சொற்களையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டும் என்பது எங்கள் எதிர்பார்ப்பன்று. ஒரு சிறு குறிப்பேட்டைக் கட்டிலருகே வைத்துக்கொண்டு, விளங்காத சொல்லை எழுதிவையுங்கள். மருத்துவர் ‘ரவுண்ட்ஸ்’ வரும்போதோ, எங்களுள் ஒருவர் மருந்து தர வரும்போதோ அதனைக் கேளுங்கள். விளக்கம் கிடைத்தபின், ‘இரவு பத்து மணிக்குமேல் எதுவும் தரக் கூடாது, அப்படித்தானே?’ என்று உங்கள் சொற்களிலேயே திருப்பிச் சொல்லுங்கள். பிழையிருப்பின் அங்கேயே திருத்திவிடலாம். வீடு திரும்பும் நாளில் ‘டிஸ்சார்ஜ் சம்மரி’யை வாங்கியவுடன் பையில் வைத்துவிடாமல், மருந்துகளின் வேளை, அடுத்து வர வேண்டிய நாள், எவ்வறிகுறி கண்டால் உடனே திரும்பி வர வேண்டும் என்னும் மூன்றையும் எங்களோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை ஒதுக்கித் தருவது எங்கள் கடமை.