பழைய லொறியில் மீற்றர் முள் ஆடுகிறதா?

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். அதன் இரு கரையிலும் ஓடும் வாகனங்களை உப்புக்காற்று விடுவதில்லை. கிழக்கே எழுவான்கரைக்குக் கடற்காற்றும் சேர்ந்துகொள்கிறது. மேற்கே படுவான்கரையில் நெல் ஏற்றும் லொறிகளுக்கு மாரிவெள்ளமும் சேறும். இங்கே டாஷ்போட் முள் ஆடினால், மீற்றரைச் சந்தேகிக்க முன் வயர் இணைப்புகளைப் பாருங்கள். புது மீற்றருக்குக் காசு கொடுக்க முன் செய்யவேண்டியவை இவை.

1. முதலில், எத்தனை முள் ஆடுகிறது என்று பாருங்கள். ஒன்று மட்டும் ஆடினால் அதற்குரிய சென்சரும் வயரும். டீசல், ஹீற் இரண்டும் சேர்ந்து ஆடினால் பொதுவான இடத்தில் கோளாறு: எர்த், பியூஸ் அல்லது சார்ஜ். பழைய பிரித்தானிய லொறிகள் பலவற்றில் மீற்றர்களுக்குச் சராசரி 10 வோல்ற் கொடுக்கும் சிறு ஸ்டெபிலைசர் ஒன்று டாஷ்போட்டின் பின்னால் இருக்கும். அது கெட்டாலும் இரண்டு முள்ளும் சேர்ந்தே பிழை காட்டும்.

2. லொறியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைற்றையும் சிக்னலையும் போடுங்கள். சிக்னல் மினுங்கும் தாளத்துக்கே முள்ளும் துள்ளினால் டாஷ்போட் எர்த் பலவீனம். மீற்றரின் எர்த் முனையிலிருந்து சேசியின் சுத்தமான போல்ற் ஒன்றுக்குத் தனி வயர் கொடுத்துப் பாருங்கள். முள் அடங்கினால் அந்த வயரையே நிரந்தரமாகப் பூட்டிவிடலாம். மின் வரும் முனையில் மட்டும் வயர் பட்டுவிடக்கூடாது.

3. பற்றறி முனையில் வெள்ளை பூத்திருந்தால் எர்த் வயரை (பெரும்பாலும் நெகட்டிவ்) முதலில் கழற்றுங்கள். பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்டுங்கள். ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்து, பழைய பல்தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். பற்றறி மூடிகள் இறுக மூடியிருக்கட்டும். சோடா உள்ளே போனால் அசிற் கெடும். காய்ந்ததும் பூட்டி, மேலே வாசலின் பூசுங்கள்.

4. எர்த் வயர் சேசியில் சேரும் போல்ற்றைக் கழற்றி, துருவையும் பெயின்ற்றையும் சான்ட்பேப்பரால் உலோகம் மின்னும்வரை சுரண்டுங்கள். இறுக்கிய பின் கிறீஸ் பூசுங்கள். மீன் ஏற்றும் லொறியில் ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் இந்த இடத்தில்தான் வடியும். மாரிக்கு முன்னும் பின்னும் பார்ப்பது நல்லது. டிங்கரிங் செய்து பெயின்ற் அடித்த பிறகு முள் ஆடத் தொடங்கினாலும் முதலில் பார்க்கவேண்டியது இதையே.

5. பியூஸ் எரியாமல் இருந்தாலே போதாது. பியூஸைப் பிடிக்கும் தகட்டில் பச்சைக் களிம்பு பிடித்தால் மின் விட்டுவிட்டுத்தான் போகும். பற்றறி வயரைக் கழற்றிவிட்டுச் சுரண்டுங்கள். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிச் சமாளிக்க வேண்டாம், வயர் தீப்பிடிக்கும்.

6. மல்ரிமீற்றர் இருந்தால் பற்றறியை அளந்து பாருங்கள். எஞ்சின் ஓடும்போது 12 வோல்ற் லொறியில் 13.8 முதல் 14.4 வரை, 24 வோல்ற் லொறியில் 27.6 முதல் 28.8 வரை இருக்கலாம். அளவு ஏறி இறங்கினால் ஓல்டனேற்றர் பெல்ற், ரெகுலேற்றர் இரண்டையும் பாருங்கள்.

7. பிரேக் பிடிக்கும்போது டீசல் முள் அசைந்து அடங்குவது இயல்பு. ஒரே அளவுக்கு டீசல் இறங்கும்போதெல்லாம் முள் விழுந்து எழும்பினால், தாங்கிக்குள் மிதவையின் கம்பித்தடம் அந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது. தாங்கி ரப்பரின் மேல் அமர்ந்திருந்தால் அதற்குத் தனி எர்த் வயர் வேண்டும். அது அறுந்திருக்கிறதா பாருங்கள்.

8. ஒற்றை வயர் ஹீற் சென்சர், தன் புரியினூடாகவே எர்த் எடுக்கிறது. கசிவுக்குப் பயந்து வெள்ளை ரேப்பை அதிகம் சுற்றினால் முள் தடுமாறும். கழற்றிய சென்சரைக் கொதிநீரில் மெல்ல இறக்கி, மல்ரிமீற்றரால் ஓம் அளவு பாருங்கள். பெரும்பாலான சென்சர்களில் சூடு ஏற ஏற ஓம் சீராகக் குறையவேண்டும். திடீரென்று தாவினால் சென்சர் போய்விட்டது.

9. கேபிளில் ஓடும் ஸ்பீடோமீற்றர் துடித்தால் கேபிள் காய்ந்திருக்கும் அல்லது எங்கோ மடிந்திருக்கும். உள்கம்பியை இழுத்துத் துடைத்து, மெல்லிய கிறீஸ் தடவுங்கள். மீற்றர் பக்க நுனியில் சில அங்குலம் தடவாமல் விடுங்கள். கிறீஸ் ஏறினால் மீற்றரே கெடும்.

10. ஒயில் முள்ளும் ஹீற் முள்ளும் ஆடினால், ‘வயர்தானே’ என்று ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். வளைவில் ஒயில் முள் விழுந்தால் ஒயில் குறைந்திருக்கலாம். றேடியேற்றரில் தண்ணீர் குறைந்து ஆவி நின்றாலும் ஹீற் முள் துள்ளும். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்து, டிப்ஸ்ரிக் பாருங்கள். றேடியேற்றர் மூடியை ஆறிய பிறகே திறங்கள். இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் வயரைத் தேடுங்கள்.