பராமரிப்பு உதவித்தொகை: மதிப்பீட்டு நாளில் பெற்றோர் சொல்ல வேண்டியவை

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடுகளுடைய பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் குடும்பத்தினர் எங்களிடம் முதலில் கேட்பது, "உதவித்தொகைக்கு எந்த அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும்?" என்பதே. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் என்பது விடை. ஆனால் நாங்கள் கண்டவரையில், மனுவின் முடிவு அங்குச் செல்வதற்கு முன்பே மருத்துவமனையின் மதிப்பீட்டு அறையில் உருவாகிவிடுகிறது. ஆகவே அதைப் பற்றியே இங்கு மிகுதியாக எழுதுகிறோம்.

தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு 40 விழுக்காடும் அதற்கு மேலும் உடையவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்கப்படுகிறது. விழுக்காட்டைக் கணிப்பதில் சமூக முதிர்ச்சி அளவுகோலுக்குப் பெரும் பங்குண்டு. பிள்ளை தானாக உண்பது, உடுத்துவது, வெளியே சென்று வருவது ஆகியவற்றைப் பெற்றோரிடம் கேட்டே இதில் மதிப்பெண் இடுகிறோம். மத்திய அரசின் வழிகாட்டுதலின்படி மதிப்பெண் 55 முதல் 69 வரை இருந்தால் 50 விழுக்காடு. 70 முதல் 84 வரை இருந்தால் 25 விழுக்காடு மட்டுமே. ஒரே ஒரு மதிப்பெண் ஒரு குடும்பத்தின் உதவித்தொகையைத் தடுத்துவிடக்கூடும்.

பத்து வயது மகனுடன் வந்த ஒரு தாயிடம், "தானே சாப்பிடுவானா?" என்று கேட்டோம். "நன்றாகச் சாப்பிடுவான்" என்றார். சோற்றைப் பிசைவது யார் என்று கேட்டபோது, "நான்தான் பிசைந்து உருட்டிக் கையில் வைப்பேன்" என்றார். கடைக்குப் போவானாம், தந்தை பத்தடி பின்னால் நடந்து செல்வாராம். சட்டை போடுவானாம், பொத்தான் மாட்டுவது பாட்டியாம். அவர் பொய் சொல்லவில்லை. பெற்ற பிள்ளையைக் குறைத்துச் சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்? அதிலும் பிள்ளை பக்கத்திலேயே அமர்ந்திருக்கும்போது! தனியே பேச விரும்பினால் தயங்காமல் கேளுங்கள். பிள்ளையைச் சற்று நேரம் வெளியே விளையாட வைப்போம்.

மதிப்பீட்டுக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே ஒரு குறிப்பேடு எழுதி வாருங்கள். பிள்ளை தானே செய்தது எது, நினைவூட்டியபின் செய்தது எது, நீங்களே செய்து கொடுத்தது எது என்று பிரித்து எழுதினால் போதும். இரவில் எத்தனை முறை எழ நேர்ந்தது, வலிப்பு வந்ததா, வீட்டைவிட்டு வெளியே ஓடியதுண்டா என்பனவும் அதில் இருக்கட்டும். பகல் முழுதும் உடனிருப்பவர் பாட்டி என்றால் அவரையும் அழைத்து வாருங்கள். ஆட்டிசத்துக்கு 40 கூறுகள் கொண்ட வேறொரு அளவுகோல் உண்டு. அதிலும் உங்கள் சொல்லுக்கு இடமுண்டு. மிகைப்படுத்தல் மட்டும் வேண்டா. பிள்ளைக்கு எந்தப் பயிற்சி தேவை என்பதையும் இதே விடைகளைக் கொண்டே நாங்கள் முடிவு செய்கிறோம்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இணையவழியே விண்ணப்பிக்கலாம். உதவித்தொகை மனுவுடன் அந்த அட்டை, ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை வைக்கவும். அசல்களும் கையில் இருக்கட்டும். சிறு வயதில் பெற்ற சான்றிதழ் நிலையானதன்று. 5, 10, 18 வயதுகளில் மறு மதிப்பீடு உண்டு என்பதால், சான்றிதழில் உள்ள புதுப்பிக்கும் தேதியை இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டையும் பலர் அறியாதிருக்கின்றனர். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலான இக்காப்பீட்டில் புறநோயாளிச் சிகிச்சையும் பயிற்சிச் செலவும் அடங்கும். சேர்வதற்கு முன் மருத்துவப் பரிசோதனை தேவையில்லை.

பிள்ளைக்கு 18 வயது நிறைந்தபின் சட்டத்தின் பார்வையில் பெற்றோர் தாமாகவே பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் அங்கம் வகிக்கும் உள்ளூர் மட்டக் குழுவிடம் அதற்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளையின் பெற்றோர் அடுத்த முறை வரும்போது இதைப் பற்றி எங்களிடம் கேளுங்கள்.