முன்னோர் வாழ்வும் பழைய ஏடுகளும்

தம் முன்னோர் யாவர் என வினவுவார்க்கு நம்மவர் பெரும்பாலும் வமிசாவளி ஒன்றையே எடுத்துக் காட்டுவர். அதில் பெயர்கள் உண்டு. அவையும் பெரும்பாலும் ஆண்களின் பெயர்களே. அவர்கள் எதனை உழுதனர், எதனை விற்றனர், எவரோடு கொண்டு கொடுத்தனர் என்பனவற்றை அறிய வேறு ஏடுகளையே நாடவேண்டும்.

இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டில் தோன்றிய குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாவர். திருச்சபைக்குரிய பத்திலொரு பங்கைச் செலுத்த அவர்கள் மறுத்தனர். அதன்பொருட்டுத் தம்மிடமிருந்து பறிக்கப்பட்ட கால்நடை, தானியம், வீட்டுப் பாத்திரம் ஆகியவற்றை விடாது எழுதி வைத்தனர். அநீதிக்குச் சான்றாக எழுதிய அப்பட்டியல், அவ்வில்லங்களில் என்னென்ன இருந்தன என்பதை அவர்தம் வழித்தோன்றல்களுக்கு இன்று உரைக்கின்றது! அவர்களுடைய திருமணச் சான்றிதழில் வந்திருந்தோர் பலரும் கையொப்பமிடுவர். உற்றாரும் அயலாரும் ஒரே தாளில் கிடைத்துவிடுகின்றனர்.

நம் ஜமாஅத்துகளின் நிக்காஹ் பதிவேடு இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. மணமக்கள், தந்தையர், வலீ, சாட்சிகள், மஹர் ஆகிய அனைத்தும் அதில் இடம்பெறுகின்றன. வமிசாவளி விட்டுவிட்ட பாட்டியாரின் பெயர் இங்கே தெளிவாக நிற்கும். மஹர் தொகைகளைத் தலைமுறை வாரியாக அடுக்கிப் பார்த்தால் குடும்பத்தின் ஏற்றத்தாழ்வு ஒருவாறு புலப்படும்.

அடுத்து நிற்பது கிரயப் பத்திரம். விலையைக் காட்டிலும் நான்கெல்லையே நமக்கு முதன்மையானது. யாருடைய புன்செய்க்கு மேற்கு, எந்தக் கிணற்றுக்குத் தெற்கு என்னும் அவ்வரிகளில் அண்டை வீட்டாரெல்லாம் உயிர்த்தெழுகின்றனர். ஆயின், அவற்றைப் படிக்கப் பயிற்சி வேண்டும். ௵ என்பது ஆண்டு, ௴ மாதம், ௳ நாள், ௸ மேற்படி. தமிழ் முதுகலை மாணவரும் இவற்றின்முன் திகைத்து நிற்பதைக் காண்கிறோம். பசலி ஆண்டுடன் 590ஐக் கூட்டுக. பசலி 1300 என்பது 1890 ஜூலையில் தொடங்கியது. அட்சய ஆண்டு என்று மட்டும் இருப்பின் அது 1866இல் தொடங்கியதா, 1926இல் தொடங்கியதா என்பதைப் பிற குறிப்புகளால் துணிதல் வேண்டும். குவேக்கர் ஏடுகளிலும் இச்சிக்கல் உண்டு. மாதங்களை எண்ணால் குறித்த அவர்களுக்கு 1752க்கு முன் முதல் மாதம் என்பது மார்ச்சு ஆகும்.

படப்பையில் இப்பயிற்சிக்குக் காலம் குறுகி வருகின்றது. ஒரகடத்துத் தொழிற்சாலைகளும் மனைப்பிரிவுகளும் பெருகியபின் விளைநிலங்கள் கைமாறின; ஓட்டு வீடுகள் இடிக்கப்படுகின்றன. நிலம் போனபின் பத்திரத்தின் பழம்படி எதற்கு என்று எண்ணுவோர் அதனைப் பழைய தாள்களோடு எடைக்குப் போட்டுவிடுகின்றனர். எல்லையில் இருந்த கிணறும் தூர்ந்துவிட்டால், அக்கிணற்றின் பெயர் அத்தாளன்றி வேறெங்கே கிடைக்கும்?

நிலமே இல்லாத முன்னோர்க்குப் பத்திரமும் இல்லை. அவர்களைத் தேடுவார்க்கு இன்னொரு வாயில் உண்டு. 1763இல் ஆர்க்காட்டு நவாபு முகம்மதலியிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற செங்கற்பட்டு ஜாகீரில் இப்பகுதியும் அடங்கியது. தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஜாகீரின் ஊர்களை அளந்தார். அதன் தொடர்பான தமிழ் ஓலைக் கணக்குகள் பல தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. இவ்வாவணங்களை அறிஞர் தரம்பால் இருபதாம் நூற்றாண்டில் ஆய்வுலகின் கவனத்திற்குக் கொணர்ந்தார். குடும்பப் பெயரைத் தேடி அவற்றைப் புரட்டுதல் வீண். ஊரில் எத்தனை வீடுகள், என்னென்ன தொழில்கள், களத்து நெல்லில் குயவர்க்கும் கருமார்க்கும் நாவிதர்க்கும் எவ்வளவு பங்கு என்பனவே அங்கே உள்ளன.