நகர் நடுவே விளையாட்டரங்கு: அடிக்கல்லுக்கு முன் உடன்பாடு

நகரின் மையப் பகுதியில் விளையாட்டரங்கு ஒன்று அமைக்க முற்படும்போது, அனைவரது கவனமும் கட்டுமானச் செலவின் மீதே செல்கின்றது. ஆயினும் அது மொத்தச் செலவில் ஒரு பகுதியே. நிலத்தின் மதிப்பு, கடனுக்கான வட்டி, ஆண்டுதோறும் நேரும் பராமரிப்புச் செலவு ஆகியவற்றையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும். இவற்றை யார் ஏற்பது, அரங்கின் பயன் யாருக்கு எவ்வளவு என்னும் வினாக்களும் உள்ளன. இவற்றிற்கு விடை காணாது பணியைத் தொடங்கினால் விளைவது யாது என்பதற்குப் பம்பாய் நகரின் அனுபவம் நல்லதொரு சான்றாகும்.

பம்பாயின் இரு அரங்குகள்

1933ஆம் ஆண்டில் தோன்றிய இந்திய கிரிக்கெட் கிளப், கடலைத் தூர்த்து மீட்கப்பட்ட பேக் பே பகுதியில் 90,000 சதுர கெஜம் நிலத்தை, சதுர கெஜம் 13.50 ரூபாய் வீதம் பெற்றது. நிலத்திற்கு மட்டும் ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய் ஆயிற்று. அப்போதைய ஆளுநரின் பெயரால் பிரேபோர்ன் அரங்கு அங்கு எழுந்து, 1937இல் திறக்கப்பட்டது.

அரங்கு கிளப்பின் உடைமை. அந்நகரின் கிரிக்கெட் நிர்வாகமோ பம்பாய் கிரிக்கெட் சங்கத்தின் பொறுப்பு. டெஸ்ட் போட்டிகளின்போது சங்கத்திற்கு எத்தனை இருக்கைகள் என்பதில் இரு அமைப்புகளுக்கும் இடையே பூசல் வளர்ந்தது. இறுதியில், சட்டமன்றத் தலைவராகவும் விளங்கிய எஸ். கே. வாங்கடேயின் தலைமையில் சங்கம் தனி அரங்கு கட்ட முனைந்தது. மாநில அரசின் நிலம் குத்தகைக்குக் கிடைத்தது. சுமார் 13 மாதங்களில் பணி முடிந்து, 1975 ஜனவரியில் அங்கு முதல் டெஸ்ட் போட்டி நடந்தது.

இருக்கைப் பங்கீட்டில் உடன்பாடு ஏற்படாமையால், ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் இரு பெரும் அரங்குகள் அமைந்தன. பிரேபோர்ன் அரங்கில் 1973க்குப் பின்னர் 2009 வரை, 36 ஆண்டுகள், டெஸ்ட் போட்டி ஒன்றும் நடைபெறவில்லை. நிலத்திற்குப் பெரும் பஞ்சம் நிலவும் நகரில் இஃது எளிதில் புறக்கணிக்கத்தக்க இழப்பன்று.

எனினும், புதிய அரங்கு சர்ச்கேட் ரயில் நிலையத்தை அடுத்து அமைந்தது போற்றத்தக்கது. பார்வையாளர் திரள் புறநகர் ரயில்களில் வந்து திரும்ப இயலுகின்றது. நகர் நடுவே அரங்கு அமைவதற்குரிய வலுவான காரணம் இதுவே எனலாம்.

கடனின் சுமை

கனடாவின் மாண்ட்ரியல் நகரம் மற்றொரு பாடத்தைப் புகட்டுகின்றது. 1976ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகளுக்கென எழுப்பப்பட்ட அரங்கு, போட்டிகள் தொடங்கியபோதும் முற்றுப்பெறவில்லை. அதன் கோபுரமும் கூரையும் 1987இல்தான் நிறைவெய்தின. கடனைத் தீர்க்கப் புகையிலை மீது தனி வரி விதிக்கப்பட்டது. கடன் தீர்ந்த ஆண்டு 2006. போட்டிகள் நடந்தவை இரு வாரங்கள். மக்கள் கடன் செலுத்தியதோ முப்பது ஆண்டுகள்.

திட்டமிடுவோர் காண வேண்டியவை

திட்ட அறிக்கைக்கு ஒப்புதல் அளிக்குமுன் அலுவலர்கள் நான்கு வினாக்களை எழுப்புதல் நலம்.

1. அதே நகரில் ஏற்கெனவே உள்ள அரங்கைப் பகிர்ந்து பயன்படுத்த இயலாதா?

2. அரசு நிலத்தைச் சலுகை விலையில் அளித்தால், அச்சலுகையின் மதிப்பு திட்டச் செலவில் காட்டப்பட்டுள்ளதா?

3. மதிப்பீட்டிற்கு மேற்படும் செலவை ஏற்போர் யாரென எழுத்து மூலம் வரையறுக்கப்பட்டுள்ளதா?

4. பெரும் போட்டிகள் இல்லாத நாட்களில், பள்ளி மாணவர்க்கும் பொதுமக்களுக்கும் அரங்கு திறந்திருக்குமா? அந்நாட்களின் பராமரிப்புக்கு வருவாய் எங்கிருந்து வரும்?

பொறியாளர்கள் ஓர் அரங்கைப் பதின்மூன்றே மாதங்களில் கட்டி முடிக்க வல்லவர்கள் என்பதைப் பம்பாய் மெய்ப்பித்தது. நிதியையும் பயனையும் பங்கிடும் உடன்பாடு அத்துணை எளிதில் கைகூடுவதன்று. ஆதலின் அதனை முதலில் முடித்துக்கொண்டு, அதன் பின்னரே அடிக்கல் நாட்டுவது அறிவுடைமையாகும்.